புறா மாடத்தின் இரு வாசல்கள்

நம் கோயில் கோபுரங்களிலும் பழைய மாடி வீடுகளின் இடுக்குகளிலும் குடியிருக்கும் சாம்பல் நிறப் பறவையை மாடப்புறா என்கிறோம். அதன் இயல்பான இருப்பிடம் மலைப்பாறையின் பிளவு. மரக்கிளையில் கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. மனிதன் கல்லால் உயர்ந்த சுவர் எழுப்பிய இடமெல்லாம் அதன் கண்ணுக்கு மற்றொரு பாறையாகவே தோன்றியது. அவ்வாறு மாடங்களில் வந்து ஒண்டிய பறவைக்குத் தமிழர் மாடத்தின் பெயரையே சூட்டினர்.

இதற்கு மறுதலையாக, பறவையின் பெயர் கட்டடத்துக்கு வந்ததும் உண்டு. நம் கற்றளிகளில் சுவருக்கு மேலே வளைந்து வெளியே நீண்டு, மழை நீரைச் சுவரில் படாமல் வடியச் செய்யும் உறுப்பைச் சிற்பிகள் கபோதம் என்பர். கொடுங்கை என்பதும் அதுவே. கபோதம் என்னும் வடசொல்லுக்குப் புறா என்று பொருள். அந்த வளைவின் மீது குதிரைக் குளம்பு வடிவில் வரிசையாக அமையும் சிறு வளைவுகளுக்குக் கூடு என்று பெயர். பல்லவர் காலக் கூடுகள் சிலவற்றுள் மனித முகங்கள் எட்டிப் பார்ப்பதை மாமல்லபுரத்தில் இன்றும் காணலாம். புறாவும் கூடும் இவ்வாறு நம் கட்டடக் கலையின் சொற்களில் நிலைபெற்றிருக்க, புறாவுக்கென்றே தனியாகக் கட்டடம் எழுப்பிய நாடுகளும் சில உண்டு. அவற்றுள் ஓர் ஆங்கில நாட்டுப்புற மாடத்தை இக்கட்டுரை சற்று விரிவாக நோக்குகிறது. எதற்காக அது கட்டப்பட்டது என்பதை அதன் சுவர்களும் வாசல்களுமே சொல்லிவிடுகின்றன.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், ஊஸ் ஆற்றுக்கு அண்மையில், வில்லிங்டன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் நிலவுரிமையை 1529இல் நார்ஃபோக் கோமகனிடமிருந்து விலைக்கு வாங்கியவர் ஜான் காஸ்ட்விக். முதலில் கார்டினல் உல்சியிடமும், அவர் வீழ்ந்தபின் தாமஸ் கிராம்வெல்லிடமும் பணிபுரிந்து உயர்ந்தவர் இவர். எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரின் அதிகாரத்தை அறுத்துக்கொண்டபோது, அதுவரை ரோமுக்குச் சென்றுவந்த திருச்சபை வரிகள் அரசக் கருவூலத்துக்குத் திருப்பப்பட்டன. அவ்வரிகளுக்குப் பொருளாளராக அமர்ந்தவர் காஸ்ட்விக்கே. 1536 முதல் 1540 வரையிலான ஆண்டுகளில் அந்நாட்டு மடாலயங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. கூரை ஈயம் உருக்கி விற்கப்பட்டது. கல் பெயர்க்கப்பட்டுப் புதுப் பணக்காரரின் மாளிகைகளுக்குச் சென்றது. வில்லிங்டன் மாடத்தின் கல்லும் அவ்வாறு இடிக்கப்பட்ட மடங்களிலிருந்து வந்ததே என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி. 1541இல் ஹென்றி மன்னரே வில்லிங்டனுக்கு எழுந்தருளினார். காஸ்ட்விக் 1545இல் மறைந்தார். அவருடைய மாளிகை இன்று இல்லை. எஞ்சி நிற்பவை ஊர்த் தேவாலயமும், குதிரை இலாயம் என்று வழங்கும் ஒரு கட்டடமும், புறா மாடமுமே.

மன்னர் வந்து தங்கிய மாளிகை மறைந்து, பறவைகள் தங்கிய வீடு நானூற்று எண்பது ஆண்டுகளாக நிற்பது வியப்புக்குரியது. தொலைவிலிருந்து பார்ப்பவர் அதை ஒரு சிறு தேவாலயம் என்றே எண்ணுவர். நீள்சதுரத் தரையமைப்பு, தடித்த சுண்ணக்கல் சுவர்கள், கூரையின் முனைகளில் படிக்கட்டுப்போல் ஏறி இறங்கும் முக்கோணச் சுவர்கள். கூரை ஒரே வீச்சில் ஏறவில்லை. கீழ்க்கூரை ஓரளவு உயர்ந்து நின்றுவிட, அதன் மேல் ஓர் இடைவெளி விடப்பட்டு, பிறகு மேல்கூரை தொடங்குகிறது. அந்த இடைவெளிதான் புறாக்களின் வாசல். வானத்தில் பறந்துவரும் பறவைக்கு அது எளிதில் தென்படும். மழையும் காற்றும் உட்புகா. பருந்து போன்ற பெரும் பறவைகள் நுழைவது அரிது. மனிதர் நுழையும் வாசல் கீழே இருக்கிறது.

உள்ளே சென்றால் காட்சி மாறிவிடுகிறது. நடுவே ஒரு குறுக்குச் சுவர் கட்டடத்தை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. இரண்டிலும் தரைக்குச் சற்று மேலிருந்து கூரைவரை, நான்கு சுவர்களிலும், வரிசை வரிசையாகப் பொந்துகள். மொத்தம் ஏறத்தாழ 1,500. வெளியே அலங்காரம் மிகுந்த படிச்சுவர்கள். உள்ளே தேனடை போன்ற வெறும் ஒழுங்கு.

இப்படிப்பட்ட மாடங்களைக் கட்டும் அறிவு காஸ்ட்விக் காலத்தில் தோன்றியதன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் வார்ரோ தம் வேளாண்மை நூலில் புறா மாடம் கட்டும் முறையை எழுதியிருக்கிறார். ஒரே மாடத்தில் 5,000 பறவைகள்வரை வாழலாம் என்பது அவர் கூற்று. லத்தீன் மொழியில் புறா மாடத்துக்குக் கொலும்பேரியம் என்று பெயர். இறந்தோரின் சாம்பற்கலயங்களை வைக்க ரோமானியர் சுவர்களில் வரிசையாக மாடக்குழி அமைத்தபோது, அதற்கும் அதே பெயரை வழங்கினர். இவ்விரண்டும் தோற்றத்தில் அத்துணை ஒத்தவை.

பொந்தின் அமைப்பு பறவையின் இயல்பை நன்கு அறிந்தவர் செய்தது. புறா ஒருமுறைக்கு இரண்டு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, பதினேழு பதினெட்டு நாள்களில் குஞ்சு வெளிவரும். தாய் தந்தை இரண்டின் தொண்டைப் பையிலும் ஊறும் பால் போன்ற உணவால் குஞ்சு வேகமாக வளரும். முதல் இணைக் குஞ்சுகள் பறக்கும் முன்பே அடுத்த முட்டைகள் இடப்படும். ஆகவே ஓர் இணைக்கு இரண்டு பொந்துகள் இருப்பது நலம். பாறைப் பிளவின் இருள் வேண்டும் என்பதால் மாடத்துக்குப் பெரிய சாளரங்கள் வைப்பதில்லை. பல மாடங்களில் பொந்து நேராக உள்ளே செல்லாமல் ஒரு பக்கம் திரும்பி அகலும். முட்டை வெளிச்சத்திலிருந்து மறைந்திருக்கும். எட்டிப் பார்ப்பவருக்குத் தாயின் அலகு மட்டுமே தெரியும். பொந்தின் முன் ஒரு சிறு விளிம்பு, வந்து இறங்குவதற்கு. எலி ஏறாதபடி சில மாடங்களின் வெளிச்சுவரில் சுற்றிலும் ஒரு கல்வரி நீண்டு நிற்கும். தென்திசை வெயில் கூரையில் படும்படி கட்டடத்தையே திருப்பி வைத்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஃபான்டாசி என்னுமிடத்தில் தேன்கூடு வடிவில் நிற்கும் வட்ட மாடத்தின் கூரை தெற்கு நோக்கிச் சரிந்து, மற்ற பக்கங்களில் சுவர் குதிரை லாடம்போல் உயர்ந்து குளிர்காற்றைத் தடுக்கிறது. பறவை நலம் கருதி இவ்வளவு நுணுக்கமாகச் செய்த கட்டடங்கள் உலகில் குறைவே என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் பொந்துகள் ஏன் உட்பக்கம் பார்த்து அமைந்தன? பாறையில் வாழும் பறவைக்குப் பொந்து வெளிநோக்கி இருந்தாலும் குறையில்லை. உள்நோக்கி வைத்தால் ஒவ்வொரு கூடும், அறையின் நடுவே நிற்கும் ஒரு மனிதனின் கைக்கு எட்டும். வட்ட வடிவ மாடங்களில் இதற்கென ஒரு கருவியும் உண்டு. நடுவில் ஒரு தூண், கீழே குழிக்கல்லிலும் மேலே உத்திரத்திலும் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் கைகளில் ஓர் ஏணி சுவரையொட்டி நிற்கும். ஏணியில் ஏறி நிற்பவன் சுவரைக் கையால் தள்ளினால் போதும். தூண் சுழல, ஏணி அவனைச் சுமந்துகொண்டு அறையைச் சுற்றிவரும். ஆரவாரமில்லை, பறவைகள் மிரள்வதில்லை. நூற்றுக்கணக்கான கூடுகளையும் ஒருவனே சிறு பொழுதில் பார்த்து முடித்துவிடலாம்.

அவன் தேடியது பறக்கத் தொடங்காத குஞ்சுகளை. ஏறத்தாழ நான்கு வாரத்தில் குஞ்சு தாயளவு பருத்துவிடும். ஆனால் சிறகை இன்னும் அசைத்திராது. உழைக்காத தசை மென்மையாக இருக்கும் என்பதால் அந்த ஒரு வாரத்துக்கே செல்வர் உணவு மேசையில் மதிப்பு. அதற்குள் தாய் வேறொரு பொந்தில் மீண்டும் முட்டையிட்டிருக்கும். குளிர்காலத்தில் வேறு இறைச்சி கிடைக்காத குறையைத் தீர்க்கவே மாடங்கள் எழுந்தன என்று பல நூல்கள் எழுதிவந்தன. கடுங்குளிரில் புறா பெரும்பாலும் குஞ்சு பொரிப்பதில்லை. குஞ்சுகள் எடுக்கப்பட்டவை வசந்தத்திலும் கூதிர்க்காலத் தொடக்கத்திலும்தான் என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே பஞ்சத்துக்கு அஞ்சிக் கட்டிய கட்டடம் என்ற சமாதானம் நிலைக்கவில்லை. நாவின் சுவைக்காகவும், விருந்தினர் முன் காட்டும் பெருமைக்காகவும் கட்டியது என்றே கொள்ளவேண்டும். மன்னரை விருந்துக்கு அழைக்கும் நிலையில் இருந்த காஸ்ட்விக்குக்கு இரண்டுமே தேவைப்பட்டிருக்கும்.

புறா மாடம் சிறையன்று என்பதே இதில் நம் உள்ளத்தை அதிகம் உறுத்துகிறது. மேல்வாசல் எந்நாளும் திறந்தே இருக்கும். காலையில் வயல்களுக்குப் பறந்துபோகும் பறவை, மாலையில் தன் விருப்பத்தாலேயே திரும்பி வரும். அதைப் பிடித்து வைத்திருப்பது கம்பியோ வலையோ அன்று. குஞ்சின் மீதுள்ள பற்றும், பிறந்த இடத்தை மறவாத இயல்புமே. மேல்வாசல் பறவையின் நம்பிக்கைக்கும், கீழ்வாசல் மனிதனின் கைக்கும் என அமைத்தவனின் அறிவுக் கூர்மையை மறுக்க இயலாது. நல்ல மதி தீய காரியத்துக்கு எத்துணை நேர்த்தியாகத் துணைபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கட்டடச் சான்றை நான் கண்டதில்லை.

இனி, அப்பறவைகள் உண்டது யாருடைய தானியம்? கடும் பனிக்காலத்தில் உரிமையாளர் சிறிது தீனி இடுவதுண்டு. மற்ற நாள்களில் அவை சுற்றுவட்டாரத்து வயல்களிலேயே மேய்ந்தன. விதைத்த மறுநாளும், கதிர் முற்றிய நாளும் உழவனுக்குப் புறாக் கூட்டத்தின் வரவு இழப்பே. அவற்றைத் துரத்தலாமேயன்றிக் கொல்ல உரிமையில்லை; மாடம் கட்டவும் உரிமையில்லை. பிறர் விளைத்ததைத் தின்று கொழுத்த குஞ்சு பிரபுவின் தட்டுக்குப் போயிற்று. ஸ்காட்லாந்தில் மாடங்கள் மிகுந்து உழவர் வருந்தியதால், 1617இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மாடத்துக்கு இரண்டு மைல் சுற்றளவுக்குள் குறிப்பிட்ட அளவு தானியம் விளையும் நிலம் உடையவரே மாடம் கட்டலாம் என்பது அதன் சாரம். தன் புறா தன் நிலத்தில் மேயட்டும் என்பது கருத்து. புறாவுக்கு எல்லைக்கல் தெரியாது என்பதை அச்சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

பிரான்சில் இந்த மனக்குறை இன்னும் ஆழமாக வேரூன்றியது. அங்கே பல பகுதிகளில் தரையிலிருந்து கூரைவரை பொந்துகள் கொண்ட தனிக்கோபுர மாடம் நிலப்பிரபுக்களுக்கே உரியது. எத்தனை பொந்து என்பது எவ்வளவு நிலம் என்பதைக் காட்டும் அடையாளமாயிற்று. 1789இல் ஊர்தோறும் குடிமக்கள் எழுதி அனுப்பிய குறைப் பட்டியல்களில் புறாவும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு தேசிய சபை நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்தபோது, மாட உரிமையும் ஒழிந்தது. வரலாற்று நூல்கள் இதை மகிழ்ச்சியோடு குறிக்கும். ஆனால் அத்தீர்மானத்தின் அடுத்த வரி பலர் நினைவில் இருப்பதில்லை. ஊரார் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்கவேண்டும். அக்காலத்தில் வெளியே பறப்பவை வேட்டைப் பறவைகளாகக் கருதப்படும். தன் நிலத்தில் இறங்குவதை எவரும் கொல்லலாம். பிரபுவிடமிருந்து உழவன் பெற்ற விடுதலைகளுள் ஒன்று புறாவைக் கொல்லும் உரிமை. உழவனின் பசி உண்மையானது. அவன் கோபத்தை நாம் குறைசொல்ல இயலாது. எனினும் நூற்றாண்டுகள் நடந்த அந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் மட்டுமே இருந்தனர். யாரைப் பற்றி வழக்கோ அவ்வுயிருக்கு அங்கே இடமில்லை.

குஞ்சுகள் போக மாடத்தில் கிடைத்த மற்றொரு பொருள் எச்சம். தரையில் அடியடியாகச் சேரும் அது சிறந்த எரு. இங்கிலாந்தில் அதற்கு வேறொரு பயனும் கண்டனர். எச்சம் ஊறிய மண்ணிலிருந்து வெடியுப்பு பிரித்தெடுக்கலாம். வெடியுப்பின்றி வெடிமருந்து இல்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசனின் வெடியுப்பு ஆட்கள் எவர் மாடத்துள்ளும் புகுந்து தரையைத் தோண்டி எடுத்துச் செல்லும் அதிகாரம் பெற்றிருந்தனர். மாடத்தின் தரைக்குக் கல் பாவக்கூடாது என்றுகூட ஆணை பிறந்தது. பாவினால் மண்ணில் எச்சம் ஊறாதல்லவா! சமாதானத்தின் சின்னமாக மேலைநாட்டார் ஓவியந்தோறும் தீட்டிய பறவையின் காலடி மண் பீரங்கிக்குச் சென்றது.

18ஆம் நூற்றாண்டில் பழுப்பு எலி பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது. பழைய கறுப்பு எலியைவிட வலியது. சுவரடியைக் குடைந்து நுழையக்கூடியது. பல மாடங்களில் கீழ்வரிசைப் பொந்துகளைக் காரை பூசி அடைக்கவேண்டியதாயிற்று. அந்நூற்றாண்டின் முடிவில் தானிய விலை ஏறியது; ஆயிரம் புறாக்கள் தின்னும் தானியத்தின் மதிப்பு அவை தரும் குஞ்சுகளின் மதிப்பை விஞ்சிற்று. மாடங்கள் கைவிடப்பட்டன. கருணையால் நின்ற வழக்கமன்று இது, கணக்கால் நின்றது. வில்லிங்டன் மாடம் 1914இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தது. பொந்துகள் பார்வையாளருக்காகக் காத்திருக்கின்றன. எதிரே உள்ள இலாயத்தின் மாடியில் ஒரு கல்லில் ஜான் பன்யன், 1650 என்று கீறப்பட்டுள்ளது. பிற்காலத்தில் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த எழுத்தாளர் பன்யனே அதைக் கீறினார் என்பர். அவர் நூலைத் தழுவித்தான் கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். வில்லிங்டனுக்கும் தமிழுக்கும் உள்ள ஒரே தொடர்பு அக்கீறல்தான்.

புறா மாடம் என்றாலே குஞ்சு எடுக்கும் கூடம்தானா? அல்ல என்பதற்கு ஈரான் நாட்டின் இஸ்பஹான் நகரைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் நிற்கும் கோபுரங்கள் சான்று. அவற்றுக்குக் கபூதர்கானா என்று பெயர். சஃபாவி மன்னர் ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டில், அவை பெருகின. அக்காலத்தில் பாரசீகத்தில் தங்கியிருந்த பிரெஞ்சு நகை வணிகர் சார்தேன், இஸ்பஹான் வட்டாரத்தில் மட்டும் 3,000க்கு மேற்பட்ட கோபுரங்கள் உள்ளதாகக் கணித்து எழுதினார். பச்சைச் செங்கல்லால் எழுப்பி மண்ணும் சுண்ணமும் பூசிய உருளைக் கோபுரங்கள் அவை. உச்சியில் சிறு தூபிகள். பறவை நுழையும் துளைகள் தூபிகளில் இருக்கும். புறாவின் உடல் புகும் அளவே துளை, அதைவிடப் பெரிய பறவைக்கு வழியில்லை. வெளிச்சுவரைச் சுற்றி வழவழப்பான சுண்ணப்பட்டை ஒன்று ஓடும். பாம்பு ஏறினால் அங்கே வழுக்கிவிடும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வளைவுகள், வளைவு முழுதும் பொந்துகள். பொந்துகளுக்காகச் சுவர் குடையப்பட்டது என்பதைவிட, பொந்துகளே சேர்ந்து சுவராயின என்பது பொருத்தம். குறைந்த செங்கல்லில் மிகுந்த உயரத்தை எட்டியது இந்த உத்தியால்தான். மேலிருந்து கசியும் ஒளியில் அந்த உட்புறம் ஒரு மசூதியின் உட்கூரையை நினைவூட்டுவதாகப் பயணிகள் எழுதியுள்ளனர்.

இங்கேயும் பொந்துகள் உள்நோக்கியவையே. ஆனால் சுழலும் ஏணி இல்லை. நாள்தோறும் நுழையும் வாசலும் இல்லை. கீழே உள்ள கதவு செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து, தரையில் குவிந்த எச்சத்தை அள்ளி, மீண்டும் அடைத்துவிடுவர். புறாக்களை உண்பதற்காகக் கொல்லும் வழக்கம் அக்கோபுரங்களில் இல்லை. எச்சம் தர்ப்பூசணி, முலாம்பழத் தோட்டங்களுக்கு உரமாயிற்று. தோல் பதனிடவும் பயன்பட்டது. அந்த வறண்ட மண்ணில் இஸ்பஹான் முலாம்பழம் புகழ்பெற்றது இந்த எருவால். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழவு செய்துவந்த நம் குடும்பங்களுக்கு எருவின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு லேசியைகளை விளக்க நம் பெரியோர் சொல்லும் நாவல் மரக் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட நினைக்கிறான். மூன்றாமவன், கபோத லேசியை உடையவன், சிறு கிளைகளை ஒடிக்க நினைக்கிறான். கடைசியில் நிற்பவன் தரையில் விழுந்த கனியை மட்டும் பொறுக்குகிறான். புறாவின் நிறத்தைப் பெயராகக் கொண்ட லேசியைக்கு வரிசையில் மூன்றாம் இடமே என்றாலும், புறாவுக்கு மாடம் கட்டிய இஸ்பஹான் உழவன் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டான். அவன் லாபம் கருதியே கட்டினான் என்பதும் உண்மை. 20ஆம் நூற்றாண்டில் மூட்டைகளில் செயற்கை உரம் வந்ததும் கோபுரங்கள் கேட்பாரற்றுக் கரையத் தொடங்கின.

எதையும் எடுத்துக்கொள்ளாத கட்டடமும் உண்டு. அது குஜராத்தின் சபூத்ரோ. ஊர் நடுவிலோ குளக்கரையிலோ ஒரு மேடை. அதன் மேல் ஒற்றைத் தூண். தூணின் உச்சியில் ஆறு அல்லது எட்டுப் பக்கம் கொண்ட சிறு மண்டபம். அதற்கு ஒரு குவிமாடம். பறவைகளுக்குத் தானியமும் நீரும் வைக்க எழுப்பியது அது. பூனையும் நாயும் எட்டா உயரத்தில் தீனி இருக்கவேண்டும் என்பதே தூணின் தேவை. வில்லிங்டனில் சுவரை மொய்த்த பொந்துகள் இங்கே முற்றிலும் மறைந்து, நான்கு புறமும் திறந்த வெளியாகிவிடுகிறது. உள்ளே நின்று கைநீட்ட மனிதனுக்கு இடமே இல்லை. அவனுக்கு விடப்பட்டது தானியக் கூடையோடு ஏறி இறங்க ஓர் ஏணி மட்டும். 2017இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாத்தின் பழைய குடியிருப்புத் தெருக்களில், செதுக்கிய மரத்தாலான சபூத்ரோக்கள் இன்றும் நிற்கின்றன. வணிகர் குழுக்களும் குடும்பங்களும், அவர்களுள் சமணரும் வைணவரும், பெற்றோர் நினைவாகவும் நோன்பு நிறைவாகவும் இவற்றைக் கட்டிவைத்தனர். பறவைக்கென எழுப்பிய கட்டடங்களுள் கையிருப்பில் வரவே இல்லாதது இது.

செலவு மட்டும் உள்ள அறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மும்பை அண்மையில் நமக்குக் காட்டியது. 2025ஆம் ஆண்டில் அந்நகரின் 51 கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தீனியிடும் மேடைகளை, மூடுமாறு அரசு பணித்தது. தாதரில் உள்ள புகழ்பெற்ற மேடை தார்ப்பாயால் மூடப்பட்டது. சமணர் பலர் தெருவில் இறங்கி எதிர்த்தனர். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. உலர்ந்த எச்சத் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்க்கு நுரையீரல் அழற்சி ஏற்படலாம் என்பது மருத்துவர்கள் நீண்ட காலமாக அறிந்த செய்தி. புறா வளர்ப்போரிடம் கண்டறிந்து அவர்கள் பெயராலேயே வழங்கும் நோய் அது. மூச்சுத் திணறும் அண்டை வீட்டாரும் உயிரே என்பதால் அதை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பசியால் மேடையில் வந்து காத்திருக்கும் பறவையையும் தள்ளிவிட இயலாது.

கட்டடத்தின் கண்கொண்டு பார்த்தால் வேறுபாடு விளங்கும். குஜராத்தின் சிற்றூரில் சபூத்ரோவைச் சுற்றி வெட்டவெளி இருந்தது, எச்சம் விழுந்த இடம் மண், அருகே வயல். மும்பையில் அதே அறம் அடுக்குமாடிகளுக்கும் போக்குவரத்துக்கும் நடுவே, கல் பாவிய தரையில், தரைமட்டத்திலேயே நிகழ்கிறது. ஒரு குடும்பமோ தெருவோ அளந்து வைத்த தானியத்துக்கு மாறாக, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் அங்கேயே விலைக்கு வாங்கிக் கொட்டும் தானியம். தீனி பெருகப் பறவை பெருகும். பறவை பெருக எச்சம் பெருகும். தூண் போயிற்று, உயரம் போயிற்று, அளவும் போயிற்று. தானியம் மட்டும் எஞ்சியது. இஸ்பஹான் கோபுரத்தின் அடியில் இருந்த அந்த அடைத்த கதவுக்கு, அதாவது எச்சத்தை ஓரிடத்தில் சேர்த்து ஆண்டுக்கொருமுறை வயலுக்கு அனுப்பிய ஏற்பாட்டுக்கு, இத்திறந்த மேடைகளில் இடமே இல்லை.

மேடைகளை மூடுவதா திறப்பதா என்பதை 2025இல் நீதிமன்றம் வல்லுநரைக் கேட்டு ஆராய முற்பட்டது. இதற்கிடையே நம் ஊர்களிலும் சில ஆலய வளாகங்களில் பறவைகளுக்குத் தீனிமேடை அமைக்கும் ஆர்வம் காணப்படுகிறது. அமைப்போர் முதலில் குஜராத்தின் ஒரு பழைய சபூத்ரோவின் அளவுகளைப் பெற்று, தூண் எத்தனை அடி, வீடுகளிலிருந்து எத்தனை தொலைவு, நாளொன்றுக்கு எத்தனை படி தானியம், அடித்தரை மண்ணா கல்லா, எச்சத்தை வாரந்தோறும் அள்ளுபவர் யார், அது எந்த வயலுக்குப் போகும் என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு கொத்தனாரை அழைப்பது நலம்.